தண்டனைக்கு விதி உண்டு. முறையீட்டுக்கு வழி எங்கே?



தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று இடைநிலைப்பள்ளியில் காலடி வைக்கும் நம் தோட்டப்புற மாணவன் கையில் முதலில் கிடைப்பது பள்ளி விதிமுறைக் கையேடு. முடியின் நீளம், காலணியின் நிறம், தாமதமாக வந்தால் என்ன, கைப்பேசி கொண்டு வந்தால் என்ன என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால், "தவறு செய்யாமலே தண்டிக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது?" என்பதற்கு விடை கூறும் பக்கத்தை நான் பார்த்த கையேடுகள் எவற்றிலும் கண்டதில்லை.

கட்டொழுங்கு வேண்டாம் என்று எந்த ஆசிரியரும் கூறமாட்டார். நானும் கூறவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். என் கருத்து ஒன்றே ஒன்றுதான்: முறையிட வழி இல்லாத இடத்தில் கட்டொழுங்கு நிலைக்காது, அச்சம் மட்டுமே நிலைக்கும்.

சட்டம் அப்படி வரம்பின்றி இருக்கிறதா என்றால், இல்லை. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் பிரம்படிக்கே வேலி கட்டியுள்ளன. ஆண் மாணவருக்கு மட்டுமே பிரம்படி. தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் வழங்கிய ஆசிரியரோ மட்டுமே அடிக்கலாம். உள்ளங்கையில் அல்லது உடையின் மேல் பிட்டத்தில் மட்டுமே அடிக்கலாம். தற்காலிக நீக்கம் 14 நாள்களுக்கு மேற்படக் கூடாது. இவற்றை அறிந்த பெற்றோர் நம் தோட்டங்களில் எத்தனை பேர்?

முறையீடு நீதிமன்றம் வரை போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நெகிரி செம்பிலானிலேயே சான்று உண்டு. ஜெம்போல் மாவட்டத்தில் உள்ள செர்த்திங் பெல்டா தேசியப்பள்ளியில், தலைப்பாகை அணிந்து வந்த மூன்று முஸ்லிம் சிறுவர்கள் 1997இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1999இல் சிரம்பான் உயர்நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2006 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் பள்ளி விதியே செல்லும் என்று முடித்து வைத்தது.

தலைப்பாகை பற்றிய தீர்ப்பை இங்கு விவாதிக்க வரவில்லை. அந்த ஆண்டுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். 1997 முதல் 2006 வரை ஒன்பது ஆண்டுகள்! தொடக்கப்பள்ளிக் கல்வியோ ஆறே ஆண்டுகள். இறுதித் தீர்ப்பு வந்தபோது அம்மூவரும் தொடக்கப்பள்ளி வயதையே கடந்து விட்டனர். தீர்ப்பு எப்பக்கம் சாய்ந்திருந்தாலும் அந்த வயது திரும்பி வரப்போவதில்லை.

சபா மாநிலம் கோத்தா பெலுட்டிலும் இதே கதைதான். 2017இல் ஓர் ஆசிரியர் ஏழு மாத காலம் வகுப்புக்கே வரவில்லை என்று மாணவிகள் வழக்குத் தொடுத்தனர். 2023 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. வென்றார்கள், மகிழ்ச்சி! ஆனால் அப்போது அவர்கள் பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிற்க. நீதிமன்றம் போகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர் நிலை என்ன?

என் முன்னாள் மாணவன் ஒருவன். முதலாம் படிவத்தில் வகுப்பறைக் கண்ணாடி உடைந்த செய்தியில் சிக்கினான். தமிழில் கதை சொல்லச் சொன்னால் வகுப்பையே சிரிக்க வைப்பவன். ஆனால் கட்டொழுங்கு ஆசிரியரின் முன் நின்று, நடந்ததை மலாய்மொழியில் வரிசையாக விளக்க அவனுக்கு நா எழவில்லை. அவன் மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்பட்டது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அவன் தந்தை, ஒருநாள் கூலியை இழந்து பள்ளிக்குப் போய், தமக்குப் புரியாத கடிதத்தில் கையொப்பம் இட்டு வந்தார். நான் கேட்டபோது, "பெரிய பள்ளிக்கூடம் டீச்சர், நாம என்னத்தப் பேசுறது?" என்றார். அந்தப் பையன் மூன்றாம் படிவத்தை முடிக்கவில்லை.

இதனோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களைக் கட்டுப்படுத்தியது 1976ஆம் ஆண்டின் 'சட்டம் 174'. போலிடெக்னிக், சமூகக் கல்லூரி மாணவர்களுக்கும் அதுவே. கடுமையான சட்டம்தான். எனினும் குற்றச்சாட்டு, விசாரணை, மேல்முறையீடு என்னும் படிகள் அதில் உண்டு. வாய் திறந்து பேசத் தெரிந்த இருபது வயதினருக்கு இத்தனை படிகள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு மேசையும் ஒரு கையொப்பமும்தானா?

குழந்தையைப் பாதிக்கும் முடிவுகளில் அக்குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது ஐக்கிய நாட்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதி. மலேசியா 1995இல் அதில் இணைந்தது. அவ்வளவு தொலைவு போவானேன்? திருக்குறளில் 'வெருவந்தசெய்யாமை' அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தண்டனை பற்றிப் பேசும் அதன் முதற்குறளே ஆராய்தலில்தான் தொடங்குகிறது.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். துரைமார் எதிரில் மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். குறை கூறுகிறவரைப் பழிவாங்கக் கூடாது என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். அதற்காக அடியும் சிறையும் நாடுகடத்தலும் கண்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் பள்ளி அலுவலக வாசலில் தலைகுனிந்து நிற்கலாமா?

ஆகவே, பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் செய்யக் கூடியவை:

1. தண்டனைக்கு முன் மாணவனின் விளக்கத்தை அவனுக்கு வரும் மொழியில் கேட்டு எழுதிக் கொள்ளுதல். இடைநிலைப்பள்ளியில் தமிழாசிரியர் ஒருவரை உடன் வைத்துக் கொள்ளலாம்.

2. கையேட்டில் முறையீட்டுக்கென ஒரு பக்கம்: யாரிடம் எழுதுவது, எத்தனை நாளில் பதில், நிறைவில்லையெனில் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எப்படிச் செல்வது.

3. கடிதம் எழுதத் தெரியாத பெற்றோருக்கு எழுதித் தரச் சங்கத்தில் ஒருவர்.

4. ஆறாம் ஆண்டு முடியுமுன் தமிழ்ப்பள்ளியிலேயே பெற்றோருக்கு ஒரு விளக்கக் கூட்டம்.

"இப்படியெல்லாம் செய்தால் மாணவன் ஆசிரியரை மதிப்பானா?" என்று சக ஆசிரியர்கள் கேட்கக் கூடும். பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளாகும் ஆசிரியரையும் காப்பது அந்த எழுதி வைத்த ஏடுதான். தன் பேச்சைக் கேட்டபின் தண்டித்த ஆசிரியரை மாணவன் வெறுப்பதில்லை என்பதை இத்தனை ஆண்டு வகுப்பறையில் நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோர்களே, புரியாத கடிதத்தில் கையொப்பம் இடாதீர்கள். அதன் படியைக் கேட்டு வாங்குங்கள். தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளையிடமும் ஒரு சொல் கேளுங்கள்: "என்ன நடந்தது?"