'வேதத்துக்குத் திரும்புவோம்': எல்லா வயதினருக்கும் ஓர் அழைப்பு, குறுக்கே நிற்கும் பைபிள் தமிழ்

சங்கரன்கோவில் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சங்கரநாராயணர் கோயிலும் ஆடித்தபசும்தான். ஆனால், இந்த ஊரை உள்ளடக்கிய நெல்லை, தென்காசி வட்டாரத்தில் புழங்கும் இன்னொரு சொல்லும் இருக்கிறது: 'வேதக்கோயில்'. பல கிராமங்களில் பெரியவர்கள் தேவாலயத்தை இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே போகிறவர்கள் 'வேதக்காரங்க'.

ஒரு புத்தகத்தை வைத்தே ஊர்க்காரர்கள் பெயர் வைத்த சமூகம் இது. அந்தச் சமூகத்தைப் பார்த்துதான் இப்போது கன்வென்ஷன் மேடைகள் 'வேதத்துக்குத் திரும்புவோம்' என்று அழைக்கின்றன. சிறுவர் முதல் முதியவர் வரை எல்லோருக்குமான அழைப்பு. திரும்பச் சொல்கிறார்கள் என்றால், நடுவில் எங்கேயோ விலகிப் போயிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அது எங்கே நடந்தது?

கூட்டத்தில் என்ன நடக்கும்?

நெல்லைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய காட்சிதான். பந்தல், டியூப்லைட், பாட்டுக் குழு, வெளியூரிலிருந்து வரும் செய்தியாளர். பெரும்பாலும் மூன்று நாள் சாயங்காலக் கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்குத் தனியாகக் கதை, பாட்டு, மனப்பாட வசனம். வாலிபர்களுக்கு ஒரு அமர்வு, பெண்களுக்கு ஒரு அமர்வு, கடைசியில் எல்லோரும் ஒரே பந்தலுக்குள்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, வேதாகமத் தேர்வு, வினாடி வினா என்று வருடம் முழுக்க நடப்பவையும் இதே நோக்கத்தில்தான். கத்தோலிக்கத் திருச்சபையிலும் இந்தக் கவலை உண்டு. 2019-ல் போப் பிரான்சிஸ், ஆண்டில் ஒரு ஞாயிறை 'இறைவார்த்தை ஞாயிறு' என்று தனியாக அறிவித்தார்.

'எல்லா வயதினரும்' ஏன்?

இந்த யோசனை பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. உபாகமம் 31-ம் அதிகாரத்தில், ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் என எல்லோரையும் கூட்டி நியாயப்பிரமாணத்தை வாசித்துக் காட்டச் சொல்லப்படுகிறது.

நெகேமியா 8-ம் அதிகாரம் இன்னும் சுவாரஸ்யமானது. பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எருசலேமில் மக்கள் கூடுகிறார்கள். எஸ்றா காலையிலிருந்து மதியம் வரை வாசிக்கிறார். வாசிப்பதோடு விஷயம் முடியவில்லை. லேவியர்கள் கூட்டத்துக்கு நடுவில் நின்று, வாசித்ததற்கு அர்த்தம் சொல்கிறார்கள். தலைமுறைகள் மாறி, பேச்சு மாறிப்போன ஜனங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

'வேதத்துக்குத் திரும்புதல்' என்பதற்கு முன்னுதாரணமாக மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் இந்தச் சம்பவத்தின் மையமே புரிதல்தான். இன்றைய சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

வேதம் என்றால் படிப்பு

இந்தியாவில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் தொடக்கத்திலிருந்தே அச்சோடு சேர்ந்து வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

நெல்லைச் சீமையில் 1820-ல் ரேனியஸ் வந்த பிறகு சபையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தன. வட நெல்லையில் 1850-களில் தாமஸ் ராக்லாண்ட் சிவகாசியை மையமாக வைத்து, கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போனார். பாளையங்கோட்டையில் பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி 1895-லேயே தொடங்கிவிட்டது.

இதை வெறும் மதப் பிரசாரமாக மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். கோயிலுக்குள் நுழையவும் ஏட்டைத் தொடவும் தடை இருந்த சமூகங்களில், ஒரு பெண் தன் கையில் புத்தகத்தை எடுத்து, தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள். அதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. 'வேதக்காரங்க' என்ற பெயருக்குள் 'வாசிக்கத் தெரிந்தவங்க' என்ற அர்த்தமும் ஒளிந்திருக்கிறது.

அதனால்தான் இந்த வாசிப்பு விட்டுப்போவது சபைக்குள் ஒரு பழக்கம் குறைவது போன்ற சின்ன விஷயம் இல்லை. போராடிப் பெற்ற ஒன்று கை நழுவுகிறது.

ஒரே வீடு, மூன்று பைபிள்

இன்றைய குடும்பம் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பாட்டி கையில் ஓரம் கிழிந்த பழைய தமிழ் பைபிள். சங்கீதங்களில் பாதி அவருக்கு மனப்பாடம். அம்மாவும் அதே பைபிளைத்தான் வாசிப்பார், ஆனால் பழகிய பகுதிகளை மட்டும். பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் மகள் போனில் ஆங்கில பைபிள் வைத்திருக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் பைபிள் தமிழ் ஓடாது.

ஏன் ஓடாது? புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-ல் முடித்த மொழிபெயர்ப்பு. ஆக்கினைத்தீர்ப்பு, புறஜாதியார், மேட்டிமை, ஸ்திரீ, உபத்திரவம், நிமித்தம்... ஆங்கில மீடியத்தில் படித்த 23 வயதுக்காரருக்கு இதில் பாதி வார்த்தைகள் மேடையில் கேட்டுப் பழகிய ஒலிகள் மட்டுமே. அர்த்தம் கேட்டால் தடுமாறுவார்.

இது சோம்பேறித்தனம் இல்லை. 'வாலிபர்கள் வேதம் வாசிப்பதில்லை' என்று மேடையில் சொல்வது எளிது. அவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கப்படும் தமிழ் 150 வருடப் பழசு என்பதை மேடையில் கேட்பது அபூர்வம்.

அப்போ மாற்றிவிடலாமே?

மாற்றிப் பார்க்காமல் இல்லை. தமிழ் பைபிளின் வரலாறே திருத்தங்களின் வரலாறுதான். சீகன்பால்குக்குப் பிறகு பெப்ரிசியஸ் வந்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுடன் சேர்ந்து மொழிபெயர்ப்பில் உழைத்தவர், பின்னாளில் சைவ மறுமலர்ச்சியின் முகமாக அறியப்பட்ட ஆறுமுக நாவலர். அந்தப் பதிப்பு 1850-ல் வெளியானது. பவர் குழுவின் வேலை இவற்றையெல்லாம் ஒன்றிணைக்கும் முயற்சி.

கடைசிப் பெரிய முயற்சி 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அறிஞர்கள் சேர்ந்து செய்தது. ஆதியாகமம் 'தொடக்க நூல்' ஆனது. யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்', சங்கீதம் 'திருப்பாடல்கள்', சுவிசேஷம் 'நற்செய்தி', பரிசுத்த ஆவி 'தூய ஆவி'. கத்தோலிக்கர்கள் 'திருவிவிலியம்' என்று அதை ஏற்றுக்கொண்டார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளின் ஆராதனையில் பழைய பைபிளின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை.

காரணம் வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணத்தில், கல்லறையில், ஆஸ்பத்திரி படுக்கையில் கேட்ட வசனம் அது. அதன் ஓசை மாறினால் வேறு ஏதோ போலத் தோன்றும். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாமே அந்தச் சொற்களில்தான் ஊறியிருக்கின்றன. 'கர்த்தர்' என்று அறுபது வருடம் கூப்பிட்டவரிடம் இனி 'ஆண்டவர்' என்று மட்டும் சொல்லுங்கள் என்றால் எப்படி முடியும்?

ஆக, பழைய தமிழை எடுத்துவிட்டால் பாட்டி வெளியே நிற்பார். அதை மட்டுமே வைத்துக்கொண்டால் பேத்தி வெளியே நிற்பாள்.

போன் உதவுமா?

உதவும், ஒரு அளவுக்கு. 2008-ல் வந்த யூவெர்ஷன் போன்ற ஆப்களில் தமிழ் பைபிள் இலவசம். வெவ்வேறு மொழிபெயர்ப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கண் மங்கிய பெரியவர்கள் ஆடியோவில் கேட்கலாம்.

ஆனால் போன் இன்னொரு பழக்கத்தையும் வளர்க்கிறது. காலையில் ஒரு வசனம், பூப்படத்தின் மேல் எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையின் டிஜிட்டல் வடிவம் என்று சொல்லலாம். வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, யார் யாரிடம் சொன்னது என்பதெல்லாம் படத்தில் இருக்காது. ஆறுதல் சொல்லும் வரிகள் ஷேர் ஆகும். ஏழையை ஒடுக்குகிறவர்களை ஆமோஸ் கண்டிக்கும் பகுதிகள் அந்த அளவுக்கு ஸ்டேட்டஸில் வருவதில்லை.

புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு அதிகாரம் என்றால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். தினம் ஒரு வசனம் என்ற கணக்கில் போனால் ஒரு ஆயுள் போதாது.

திரும்புவது எப்படி?

கன்வென்ஷனில் கை உயர்த்தித் தீர்மானம் எடுப்பது முதல் படிதான். அடுத்த வாரம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது.

இரவில் குடும்ப ஜெபம் இன்னும் நடக்கும் வீடுகளில் ஒரு வழி கையிலேயே இருக்கிறது. ஒரே அதிகாரத்தைப் பாட்டி பழைய பைபிளில் வாசிக்கட்டும், பேத்தி புதிய மொழிபெயர்ப்பில் வாசிக்கட்டும். 'ஆக்கினைன்னா என்ன பாட்டி?' என்று அவள் கேட்கட்டும். பாட்டிக்கு ஒரு வார்த்தை விளங்காத இடத்தில் பேத்தியின் பைபிள் உதவும். நெகேமியா காலத்து லேவியர் செய்த வேலையை ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் மாறி மாறிச் செய்யலாம்.

சபைகளுக்கும் இதில் வேலை உண்டு. வாலிபர் கூட்டத்தில் மனப்பாடப் போட்டியோடு நிறுத்தாமல், 'இந்தப் பகுதி புரியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். சந்தேகம் கேட்பதை விசுவாசக் குறைவு என்று பார்த்தால், கேட்க நினைத்தவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். வந்தாலும் கேட்கமாட்டார்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 44.18 லட்சம் பேர், மக்கள்தொகையில் 6.12 சதவீதம். அவர்களில் அடுத்த தலைமுறை வேதத்தை எந்த மொழியில் வாசிக்கும், அல்லது வாசிக்காமலே வசனங்களை ஃபார்வர்ட் செய்துகொண்டிருக்குமா என்பதுதான் பந்தல் பிரித்த பிறகும் மிச்சமிருக்கும் கேள்வி.