ஓவியம் ஊர் மாறலாமா?

நல்ல ஓவியம் பெருநகரில்தான் இருக்க வேண்டும், சிற்றூரில் அதற்கு என்ன வேலை என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அமெரிக்காவிலும் அவ்வெண்ணம் நெடுநாள் நிலவியது. நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களே அந்நாட்டுக் கலைச் செல்வத்தின் கருவூலங்களாகக் கருதப்பட்டன. அங்கே செல்ல வசதியற்றவர்கள் தம் நாட்டு ஓவியர் தீட்டியவற்றை அச்சுப் படத்தில் கண்டு அமைதியுற வேண்டியதுதான்.

அந்த எண்ணத்துக்கு மறுமொழி போல 2011-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் ஆர்க்கன்சா மாநிலத்தில், பென்டன்வில் என்னும் ஊரில், கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவ்வூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 35,000. வால்மார்ட் வாணிக நிறுவனத்தின் தலைமை நிலையம் அங்கேதான் இருக்கிறது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய சாம் வால்ட்டனின் மகள் அலிஸ் வால்ட்டனே இவ்வருங்காட்சியகத்தை நிறுவியவர். மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில், ஊற்று நீர் தேங்கிய குளங்களைச் சூழ்ந்து நிற்கும் கட்டடத்தை மோஷே சாஃப்தி என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தார். அங்குள்ள நிலையான கூடங்களைக் காணக் கட்டணம் இல்லை. அதற்கென வால்மார்ட் நிறுவனம் 2 கோடி டாலர் வழங்கியது.

இதனால் விளைந்த நன்மையை முதலில் சொல்லிவிடுவோம். 2014-ஆம் ஆண்டில் அங்கே புதிய அமெரிக்கக் கலைக்கென ஒரு பெருங்கண்காட்சி நடந்தது. அதற்காக அருங்காட்சியகத்தார் நாடெங்கும் 1,00,000 மைலுக்கு மேல் சுற்றி, ஏறக்குறைய 1,000 கலைஞர்களின் பணிக்கூடங்களைக் கண்டு, 102 பேரைத் தேர்ந்தெடுத்தனர். புகழ் பெற்றவரை நாடிப் போகாமல், புகழ் எட்டாத ஊர்களில் உழைப்பவரைத் தேடிப் போனார்கள். பெருநகரக் கூடங்கள் செய்யத் தவறியதைச் சிற்றூர்க் கூடம் ஒன்று செய்தது.

மற்றொரு கண்காட்சியையும் குறிப்பிட வேண்டும். 1963 முதல் 1983 வரை கறுப்பினக் கலைஞர்கள் படைத்தவற்றை இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் 2017-இல் தொகுத்துக் காட்டியது. அத்தொகுப்பு கடல் கடந்து அமெரிக்க மண்ணுக்கு வந்தபோது, 2018-இல், முதலில் இடம் பெற்றது பென்டன்வில்லில்தான். அது ஆர்க்கன்சா மாநிலம் என்பதை நாம் மறத்தல் ஆகாது. 1957-இல் அம்மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் படைவீரரை நிறுத்தினார். அவர்களை உள்ளே அழைத்துச் செல்லக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்ப நேர்ந்தது. அத்தகைய மாநிலத்தில் அத்தகைய கண்காட்சி நடப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று.

கண்காட்சியைப் பார்ப்பதால் மாணவருக்குப் பயன் உண்டா என்று கேட்கலாம். ஆர்க்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையே ஆராய்ந்தனர். இவ்வருங்காட்சியகத்தைக் காண மனுச் செய்த பள்ளிகளுள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் முதலில் அனுப்பி, மற்றவற்றைப் பின்னர் அனுப்பினர். 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 11,000 மாணவர்களிடம் வினாக்கள் கேட்டு, முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். கண்டு வந்த மாணவரிடம் ஆராயும் திறனும் பிறரைப் பொறுத்துக்கொள்ளும் பண்பும் மிகுந்திருந்தன. நாட்டுப்புற மாணவரும் ஏழை மாணவரும் அடைந்த பயனே பெரிது. ஈஸ்ட்மன் ஜான்சன் தீட்டிய ஓர் ஓவியத்தில் மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சும் முகாம் காட்டப்பட்டுள்ளது. கரும்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பால் நடந்தமையால், அடிமை முறையை எதிர்த்தவர்கள் மேப்பிள் இனிப்பைச் செய்தனர் என்ற செய்தியை, அந்த ஓவியத்தைப் பார்த்த மாணவருள் நூற்றுக்கு 88 பேர் பல வாரங்கள் கழித்தும் நினைவில் வைத்திருந்தனர். பாடநூலில் படித்த எத்தனை செய்திகளை நாம் அவ்வாறு நினைவில் வைத்திருக்கிறோம்?

இவ்வளவும் நன்மையே. ஆனால் சுவரில் தொங்கும் ஓவியம் எங்கிருந்து வந்தது என்ற வினா எஞ்சி நிற்கிறது.

2005-இல் நியூயார்க் பொது நூலகம், ஆஷர் டியூரண்ட் 1849-இல் தீட்டிய ‘ஒத்த உள்ளங்கள்’ என்ற ஓவியத்தை விற்றது. அது பிரையண்ட் என்னும் கவிஞரின் மகள் அந்நூலகத்துக்கு 1904-இல் அளித்த கொடை. ஏறக்குறைய மூன்றரைக் கோடி டாலர் கொடுத்துப் பென்டன்வில் அதைப் பெற்றது. நியூயார்க்கில் கூக்குரல் எழுந்தது. அக்கூக்குரலில் நான் சேரமாட்டேன். ஓவியங்கள் நிறைந்து வழியும் நகரம் ஒன்றை இழந்தது. ஒன்றும் இல்லாத ஊர் ஒன்றைப் பெற்றது. இதில் பெருங்கேடு ஏதும் இல்லை.

அடுத்த ஆண்டு நடந்தது வேறு. பிலடெல்பியாவில் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஓவியம் இருந்தது. மாணவர் சூழ்ந்திருக்க, மருத்துவர் கிராஸ் அறுவை செய்யும் காட்சியை அதே ஊரைச் சேர்ந்த தாமஸ் ஈக்கின்ஸ் 1875-இல் தீட்டினார். 1878-இல் பழைய மாணவர்கள் 200 டாலருக்கு அதை வாங்கித் தம் கல்லூரிக்குக் கொடுத்தனர். 2006-இல் பல்கலைக்கழகம் அதை 6 கோடியே 80 லட்சம் டாலருக்கு விற்க முன்வந்தது. பென்டன்வில்லும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் சேர்ந்து வாங்குவதாக ஏற்பாடு. நகரத்தார்க்கு 45 நாள் தவணை கிடைத்தது. அவர்கள் பணம் திரட்டி ஓவியத்தை ஊரிலேயே நிறுத்திக்கொண்டனர். அதற்காக அந்நகரின் கலைக்கூடங்கள் தம்மிடமிருந்த ஈக்கின்ஸின் வேறு ஓவியங்களை விற்க வேண்டியதாயிற்று. அத்தனை தொல்லையும் ஏன்? கொடையாகப் பெற்றதை ஒரு கல்லூரி விலைப்பொருளாக எண்ணியதனால் அன்றோ?

மூன்றாவது செய்தியே என் நெஞ்சைத் தொடுவது. நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம், கறுப்பின மக்களின் கல்விக்காக 1866-இல் தோன்றியது. ஜார்ஜியா ஓகீஃப் என்னும் ஓவியர், மறைந்த தம் கணவர் ஸ்டீக்லிட்ஸ் சேர்த்து வைத்தவற்றோடு தம்முடையவும் சேர்த்து 101 கலைப்படைப்புகளை 1949-இல் அப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். செசான், பிக்காசோ ஆகியோரின் படைப்புகளும் அவற்றுள் உண்டு. பிரிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிறவேற்றுமை ஓங்கியிருந்த தென்னாட்டில், கறுப்பின மாணவர் தம் கல்லூரியிலேயே உலகின் உயர்ந்த ஓவியங்களைக் காணட்டும் என்று எண்ணிய உள்ளம் அது.

ஆனால் வறுமை நிபந்தனையை அறியாது. 2005-இல் ஃபிஸ்க் இரண்டு ஓவியங்களை விற்க நீதிமன்றத்தின் இசைவை நாடியது. வழக்குகள் நீண்டன. முடிவில் 2012-இல், தொகுப்பில் பாதி உரிமையை 3 கோடி டாலருக்குப் பென்டன்வில் பெற்றது. இரண்டு ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே என்பது ஏற்பாடு. 2013-இல் அத்தொகுப்பு முதன்முறையாகப் பென்டன்வில்லில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

“ஃபிஸ்க்குக்குப் பணம், பென்டன்வில்லுக்குக் கண்காட்சி, மக்களுக்குக் கலை, இதில் யாருக்கு இழப்பு?” என்று கேட்பார்கள். இழந்தவர் ஃபிஸ்க் மாணவர். நான்கு ஆண்டு அங்கே படிப்பவர் இரண்டு ஆண்டு வெறுஞ் சுவரைக் காண்பார். நிறைந்த களஞ்சியத்திலிருந்து எடுப்பது வேறு. வறியவன் கலயத்திலிருந்து எடுப்பது வேறு. ஃபிஸ்க்கை நான் குறை கூறவில்லை. கல்லூரியின் கதவு மூடாதிருக்க அது செய்தது அது. உதவும் ஆற்றல் உள்ளவர், உரிமையில் பங்கு கேளாமல், கண்காட்சிக்கு இரவல் வாங்கி அதற்குத் தக்க வாடகை கொடுத்திருக்கலாம் என்பதே என் வாதம்.

அவ்வழி அவர்கள் அறியாததும் அன்று. 2017-இல் அலிஸ் வால்ட்டனே தொடங்கிய ஆர்ட் பிரிட்ஜஸ் என்னும் அறக்கட்டளை, சிறிய அருங்காட்சியகங்களுக்கு ஓவியங்களை இரவல் கொடுத்து, கண்காட்சி நடத்தப் பொருளும் உதவுகிறது. இதனை மனமாரப் பாராட்டலாம். ஓவியம் ஊர் மாறட்டும். ஊர் ஊராகச் செல்லட்டும். கொடுத்தவர் எண்ணமும் காணும் மாணவர் உரிமையும் அதனால் கெடாமல் இருக்கட்டும்.

நண்பர்களே, நாமும் நாளை இப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஆவோம். அன்று 200 டாலர் திரட்டியவர்கள் செல்வர் என்பதால் நாம் அவர்களை நினைக்கவில்லை. தம் பின் வரும் மாணவர் காண ஒன்றை விட்டுச் சென்றார்கள் என்பதால் நினைக்கிறோம். இங்கும் நம் நூலகத்திலும் மண்டபத்திலும் என்னென்ன தொங்குகின்றன, யார் கொடுத்தார்கள் என்று ஒருநாள் சென்று பாருங்கள். இருப்பதை அறியாதவர், அது போகும் நாளில் கேட்கவும் மாட்டார்.