வாகனப் பராமரிப்பு: பழைய டீசல் காரும் ஆயுத பூசையும்

நவராத்திரியின் நிறைவில் ஆயுத பூசை அன்று வாகனத்தைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வழிபடுவது சைவ மக்களின் நல்வழக்கம். ஆனால் வெளியே பளபளக்கும் காரின் உள்ளே கறுத்துத் தடித்த ஒயில் கிடக்குமானால் அவ்வழிபாடு பாதியே ஆகும். உழைப்புக்குத் துணை நிற்கும் கருவியைப் பேணுவதும் பூசையின் ஒரு பகுதியே.

பலெர்மோவில் வாழும் தமிழ் அன்பர்களிற் பலர் வாங்குவது பாவித்த காரே. டீசல் எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும். எரிபொருளும் குறைவாகவே குடிக்கும். எனினும் கார் ஒருநாள் நின்றுவிட்டால் அன்றைய சம்பளமும் நின்றுவிடும். பிரேக் பிழைத்துவிட்டாலோ இழப்பு பணத்தோடு நில்லாது.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

முந்திய உரிமையாளர் என்ன செய்தார் என்பது தெரியாத இடத்தில், ஒன்றும் செய்யவில்லை என்று கொள்வதே புத்தி. எஞ்சின் ஒயில், ஒயில் பில்ரர், எயார் பில்ரர், டீசல் பில்ரர் ஆகிய நான்கையும் உடனே மாற்றுதல் வேண்டும். டீசலில் சிறிதளவு நீர் கலப்பதுண்டு. அது பில்ரரின் அடியில் தங்கும். வடித்து விடாவிட்டால் விலையுயர்ந்த இன்ஜெக்ரர்களை அரித்துவிடும்.

ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினாயின், அது மாற்றப்பட்டதற்குப் பற்றுச்சீட்டு இருக்கின்றதா என்று கேட்க வேண்டும். இல்லையேல் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுவது நன்று. ஓடும்போது பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி எஞ்சினே பாழாகும். மாற்றியவற்றை நாள், கிலோமீற்றர், செலவு ஆகியவற்றுடன் ஒரு சிறு கொப்பியில் எழுதிக் காருக்குள் வைத்தல் நலம்.

நகருக்குள் மட்டும் ஓடும் கார்

அண்மைக்கால டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் பில்ரர் ஒன்று உண்டு. அதனை இங்கே ‘பாப்’ என்பர். சேர்ந்த கரி எரிந்து போக ஏறக்குறைய 600 பாகை வெப்பம் வேண்டும். பல்லரோச் சந்தைக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே பத்து நிமிடம் ஓடி நிற்கும் காரில் அவ்வளவு சூடு ஏறாது. கரி அடைத்து, விளக்கு எரிந்து, ஈற்றில் காரின் இழுவை குன்றும். எரிக்க முயன்று பாதியில் நின்ற டீசல் ஒயிலோடு கலந்து அதன் மட்டத்தை உயர்த்துவதும் உண்டு. ஒயில் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று மகிழ்வது தவறு. அது உடனே மாற்ற வேண்டிய ஒயில்.

இதற்கு மருந்து எளிது. வாரத்துக்கு ஒருமுறையேனும் விமான நிலையப் பக்கம் செல்லும் ஏ29 நெடுஞ்சாலையில் சட்டத்துக்குட்பட்ட வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓட வேண்டும். கைநூல் குறிப்பிடும் தர ஒயிலையே ஊற்ற வேண்டும். பில்ரரைக் கழற்றி எறியச் சொல்வோரின் பேச்சைக் கேட்கலாகாது. அது சட்டவிரோதம், காரும் பரிசோதனையில் தேறாது.

வெப்பமும் தண்ணீரும்

சிசிலியின் புளோரிடியாவில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 பாகை வெப்பம் பதிவாயிற்று. இத்தகைய நாட்டில் றேடியேற்றருக்கு வெறும் பைப் தண்ணீர் போதாது. பனியே காணாத ஊருக்கு உறைதடுப்பு நீர் எதற்கு என்று சிலர் கேட்பர். அந்நீரே கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் ஆகும். எஞ்சின் சூடாக உள்ளபோது மூடியைத் திறக்கலாகாது.

பிரேக்

மொந்தே பெல்லெக்ரினோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குச் சமய பேதமின்றித் தமிழ்க் குடும்பங்கள் சென்று வருவது யாவரும் அறிந்ததே. ஏறும்போது எஞ்சினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய திரவம் வளைந்து வளைந்து இறங்கும் நெடும்பாதையிற் கொதித்து ஆவியானால், மிதிகட்டை அடிவரை போகும், கார் நிற்காது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது இன்றியமையாதது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதோ, எஞ்சினை நிறுத்துவதோ பெரும் ஆபத்து. குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி பிரேக்காகும்.

கழுவுதல்

ஆபிரிக்காவிலிருந்து வீசும் சிரொக்கோக் காற்று செம்மண்ணைக் கொண்டுவரும். அதனை உலர்ந்த துணியாற் துடைத்தால் பூச்சும் கண்ணாடியும் கீறுப்படும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்த பின்னரே துடைக்க வேண்டும். மொந்தெல்லோக் கடற்கரையில் நிறுத்தும் கார்களின் அடிப்பகுதியை உப்புப் போக நல்ல தண்ணீரால் அலச வேண்டும். எஞ்சின் அறைக்குள் வேகத் தண்ணீர் பாய்ச்சுதல் கூடாது; மின் இணைப்புகள் பழுதாகும். எயார் பில்ரரில் செம்மண் படிந்துள்ளதா என்று பார்ப்பதும் இவ்வேளையிலேயே.

2020 ஜூலை 15 பெருமழையின்போது ரெஜியோனே சிசிலியானா நெடுஞ்சாலையின் கீழ்ப்பாதைகளில் கார்கள் மூழ்கின. அவ்வாறு நனைந்த கார் விற்பனைக்கு வரக்கூடும். விரிப்பைத் தூக்கி அடியில் துருவும் மணமும் உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நினைவிற் கொள்க

• டீசல் பம்பில் சதுரத்துள் ‘பி’ எழுத்தும், பெற்றோல் பம்பில் வட்டத்துள் ‘ஈ’ எழுத்தும் இருக்கும். 2018 அக்டோபர் முதல் ஐரோப்பா எங்கும் இதுவே அடையாளம். மாறி அடித்தால் எஞ்சினை இயக்காது மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

• ‘ரெவிசியோனே’ பரிசோதனை முதற்பதிவிலிருந்து நான்கு ஆண்டில் ஒருமுறையும், பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயம்.

• கழிவு ஒயிலைச் சாக்கடையில் ஊற்றலாகாது. உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வரும் ஆயுத பூசைக்குக் காரைக் கழுவும்போது மூடியையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். ஒயில், தண்ணீர், பிரேக், ரயர் நான்கும் செம்மையாய் இருப்பின் எலுமிச்சம்பழத்தின் மேல் சில்லு மனநிறைவோடு ஏறும்.