கஞ்சி இருக்கட்டும், முதலில் கதைப்போம்

எங்கட ஊர்களில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் மண்டபம் பிடிக்கிறோம், காட் அடிக்கிறோம், வீடியோக்காரரைக் கூப்பிடுகிறோம். நல்லெண்ணெய், முட்டை, உளுத்தங்களி என்று சாப்பாட்டுக்கே ஒரு ஒழுங்கு இருக்குது. அதே உடம்பில் கிட்டத்தட்ட நாற்பது வருசம் கழித்து மாதவிடாய் நிற்கும்போது என்ன செய்கிறோம்? ஒண்டுமில்லை. அதுக்கு வீட்டில் புழங்குகிற ஒரு சொல்கூட இல்லை. "மாதவிடாய் நிறுத்தம்" என்பது புத்தகத்துச் சொல். அம்மாமார் சொல்வது "உடம்பெல்லாம் எரியுது", "நித்திரை வருதில்லை", "சும்மா சும்மா கோவம் வருது" என்றுதான். அதுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கிற பதில்: "சாத்தாவாரிக் கஞ்சி வைச்சுக் குடியுங்கோ."

இந்தப் பதிலைப் பற்றித்தான் நாங்கள் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

சாத்தாவாரி ஒரு முள்ளுக்கொடி. ஊசிமாதிரி மெல்லிய இலை, மண்ணுக்குக் கீழே கொத்துக்கொத்தாகக் கிழங்கு. சித்த மருத்துவத்தில் தண்ணீர்விட்டான் கிழங்கு, ஆயுர்வேதத்தில் சதாவரி, சிங்களத்தில் ஹாத்தாவாரிய. இலை கஞ்சிக்குப் போகும், கிழங்கு மருந்துக்குப் போகும். மாதவிடாய் வயிற்றுக்குத்து, வெள்ளைபடுதல், பால் சுரப்பு எல்லாத்துக்கும் இதைச் சொல்லுவினம். சதாவரி என்ற பெயருக்கு "நூறு கணவர்களை உடையவள்" என்றும் பலர் பொருள் சொல்கிறார்கள். விளம்பரக்காரருக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. கொஞ்சம் யோசியுங்கோ: பால் பிள்ளைக்கு, கரு வம்சத்துக்கு, பெயர் புருசனுக்கு. ஐம்பது வயதில் இரவு முழுக்க வேர்த்துக்கொண்டு முழித்திருக்கிற பெண் இந்தப் பெருமைகளில் எங்கே இருக்கிறார்?

கிழங்கில் சதாவரின் எனப்படும் சப்போனின்கள் இருக்கின்றன. இவற்றுக்கு ஈஸ்ரோஜனைப் போன்ற குணம் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஆனால் கனக்க ஆய்வுகள் எலிகளில் நடந்தவை. பெண்களிடம் நடந்தவை குறைவு, அவையும் சிறியவை. இதனால் சாத்தாவாரி வேலை செய்யாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கஞ்சி நல்ல சாப்பாடு, குடியுங்கோ. அதே செடியைக் கப்சியூலில் அடைத்து, போத்தலில் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதி விற்கிறவரிடம் "எங்கே, யாரிடம்?" என்று கேட்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் வைத்தியரைக் கேளாமல் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது.

இப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்குது. அங்கத்தைய பழங்குடி மக்கள் பயன்படுத்திய பிளாக் கோஹோஷ் என்ற வேர் இதே குறைகளுக்காக உலகம் முழுக்க விற்கப்படுகிறது. 351 பெண்களை ஒரு வருசம் அவதானித்து, 2006 இல் ஒரு ஆய்வின் முடிவு வந்தது. உடம்பு எரிவைக் குறைப்பதில் அந்த வேர் வெற்றுக் குளிசையை விட மேலாக இருக்கவில்லை. கேட்க விரும்பாத பதில்தான், ஆனாலும் பெண்களின் அவதியை அளந்து பார்க்கத்தக்க விசயமாக எடுத்தார்கள். எங்கட நாட்டில் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் சேர்த்தே அங்கீகரிக்கிறது. வைத்தியசாலைகள் இருக்கு, பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கினம். சாத்தாவாரியை எங்கட பெண்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பது பாரம்பரியத்துக்குச் செய்கிற அவமரியாதை இல்லை. அதுதான் மரியாதை.

இதெல்லாத்தையும் விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. மாதவிடாய் நிற்பது நோயில்லை. ஆனால் அந்த வயதில் வருகிற எல்லாமே "அந்த வயசுக்கு வாறதுதான்" இல்லை. அளவுக்கு மிஞ்சி இரத்தம் போனால் கருப்பைக் கட்டியாக இருக்கலாம், இரத்தச்சோகையில் கொண்டுபோய் விடலாம். மாதவிடாய் நின்று ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே வைத்தியரிடம் போகவேணும். பலருக்கு அது சின்னக் காரணமாக இருக்கும், சிலருக்குக் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும். அந்த நேரத்தில் "கஞ்சி குடி, சரிவரும்" என்ற சொல் ஆளைக் கொல்லும்.

எம்ஓஎச் பணிமனைகளில் வெல் வுமன் கிளினிக் 1996 இலிருந்து நடக்கிறது. 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாகக் கூப்பிட்டு பிரஷர், மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே போக வெட்கம் மட்டும் தடையில்லை. மலையகத்தில் கொழுந்தெடுக்கிற அம்மா ஒருவருக்கு கிளினிக் என்றால் ஒரு நாள் பேர் போய்விடும். அந்த நாளுக்குச் சம்பளம் கொடு என்று தோட்ட நிர்வாகங்களிடம் கேட்பதும், கிளினிக்கில் மாதவிடாய் நிற்பது பற்றித் தமிழில் ஆறுதலாகக் கதைக்க ஒருவர் இருக்கவேணும் என்று கேட்பதும் எங்கட தலைமுறையின் வேலை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கஞ்சியை வீடுகளில் யார் காய்ச்சுகிறார்கள்? விடிய எழும்பி இலை ஆய்ந்து, அரைத்து, வடித்து, தேங்காய்ப்பால் விடுவது நித்திரையில்லாத அதே அம்மாதான். மருந்தும் அவவுக்கு இன்னொரு வேலையாகப் போய்விட்டது.

ஆகவே, பெடியங்களும் சேர்த்துத்தான் சொல்கிறோம், கஞ்சியை நாங்கள் காய்ச்சுவோம். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேட்போம்: இரவில் நித்திரை வருதோ? இரத்தம் எப்படிப் போகுது? கடைசியாக எப்ப கிளினிக்குக்குப் போனனீங்கள்? பதில் சொல்ல முதல்நாள் வெட்கப்படுவா. அடுத்த நாளும் கேட்போம்.