வாசகர் பெருகினால் மட்டும் போதுமா?

பிறந்த நாள் வந்தால் வயது என்ன என்று கேட்கிறோம். ஓர் இதழுக்கு ஆண்டு நிறைவு வந்தால் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்கிறோம். இரண்டும் இயல்பான கேள்விகளே. ஆயினும் வயது ஒன்றே மனிதனுக்குப் பெருமை தராதது போல, வாசகர் தொகை ஒன்றே இதழுக்குப் பெருமை தந்துவிடுமா? இதுவே நான் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வகுப்பு மாணவியர் நடத்திவரும் கையெழுத்துத் திங்களிதழ் இவ்வாண்டு ஓராண்டை நிறைவு செய்திருக்கிறது. அதற்கு அச்சும் இல்லை, விலையும் இல்லை. மாதம் ஒரே ஒரு பிரதிதான். அது வகுப்பு வகுப்பாகச் சுற்றி வந்து இறுதியில் நூலகத்தில் அமர்கிறது. கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைப்போம். படித்தவர்கள் அதில் கையொப்பம் இடுவார்கள். முதல் இதழில் 38 கையொப்பங்கள் இருந்தன. பன்னிரண்டாம் இதழில் 211.

இந்த வளர்ச்சியைக் கண்டு மகிழாதவர் இல்லை. அடுத்த ஆண்டில் இதை நானூறாக்க வேண்டும் என்று தோழியர் சிலர் விரும்புகின்றனர். அதற்காகக் கட்டுரைகளைக் குறைத்துவிட்டுச் சினிமாச் செய்திகளையும் துணுக்குகளையும் சேர்க்கலாம் என்கின்றனர். வேறு சிலரோ, "படிப்பவர் படிக்கட்டும், நமக்கு எண்ணிக்கை எதற்கு?" என்கின்றனர். இவ்விரு கருத்துகளிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது என் பணிவான எண்ணம்.

எண்ணிக்கையைப் பொருட்படுத்தாத ஓர் இதழ் தமிழில் இருந்தது. வத்தலக்குண்டைச் சேர்ந்த எழுத்தாளர் சி. சு. செல்லப்பா 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே வரம்பு கட்டிக்கொண்டார். இதழ் 1970 வரை நடந்தது. பொருள் இழப்பு ஏற்பட்டபோதும் அவர் தளரவில்லை. தாம் வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். புதுக்கவிதை தமிழில் வேரூன்ற அந்தச் சிறிய இதழே பெருங்காரணமாக அமைந்தது. சிலரே படித்த இதழ் ஒரு மொழியின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் பலர் படிப்பது குற்றமும் அன்று. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வை எண்ணிப் பாருங்கள். தெலுங்கிலும் தமிழிலும் பிறந்து, பின்னர் இந்தியாவின் பல மொழிகளில் அது வெளிவந்தது. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறிக்கொள்ளும் கதைக்காக மாதம் முழுவதும் காத்திருந்ததை நம் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் இன்றும் கூறக் கேட்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகளை அது நூல்களின் பக்கம் அழைத்துச் சென்றது. அத்தகைய இதழும் 2013-இல் நின்றுபோயிற்று. பாட்டி படித்தாள் என்பதற்காகப் பேத்தியும் படிப்பாள் என்று சொல்ல முடியுமா? வாசகரை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத்தான் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது வேறோர் இதழின் வரலாறு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வார இதழ் தொடங்கப்பட்டது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றுடன் நம் தமிழும் அதில் இடம்பெற்றது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கச் சென்ற தமிழர் அந்நாட்டில் ஏராளமாக இருந்தனர். காந்தியடிகள் தம் வருவாயின் பெரும்பகுதியை அவ்விதழுக்கே செலவிட்டார். 1904-இல் அச்சகம் பீனிக்ஸ் குடியிருப்புக்கு மாற்றப்பட்டது. அங்கு முதல் இதழ் அச்சாக வேண்டிய இரவில் எண்ணெய் இயந்திரம் ஓட மறுத்துவிட்டது. கையால் சுழற்றும் சக்கரம் ஒன்று இருந்தது. அதைச் சுற்ற ஒரே நேரத்தில் நான்கு பேர் வேண்டும். உறங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பி, எல்லோரும் மாறி மாறி விடியும்வரை சுற்றினார்கள். இதழ் குறித்த நேரத்தில் புறப்பட்டுச் சென்றது.

அவ்வளவு பாடுபட்ட இதழுக்கு எத்தனை இலட்சம் வாசகர் என்று நினைக்கிறீர்கள்? போராட்டம் உச்சத்தில் இருந்தபோதும் சந்தாதாரர் ஏறக்குறைய 3,500 பேர்தாம். ஆனால் தனியாகச் சந்தா கட்ட வசதியில்லாதவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சந்தா கட்டினார்கள். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சூழ்ந்து அமர்ந்து கேட்டார்கள். வருவாய் போனாலும் போகட்டும் என்று காந்தியடிகள் விளம்பரங்களை நிறுத்திவிட்டார். வாசகர் எழுதிய கடிதங்களில் பாராட்டும் இருக்கும், கசப்பான கண்டனமும் இருக்கும். அவற்றைப் படித்து மறுமொழி எழுதியதே தமக்கு நல்ல கல்வியாக அமைந்தது என்று அவர் தம் வரலாற்றில் கூறியிருக்கிறார். அந்த இதழ் இல்லையேல் தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகமே நடந்திருக்க இயலாது என்பதும் அவர் கருத்து.

இவற்றிலிருந்து நான் உணர்வது இதுதான். வாசகர் எத்தனை பேர் என்பது முதற்கேள்வி அன்று. வாசகருக்கும் இதழுக்கும் என்ன உறவு என்பதே முதற்கேள்வி. விதைப்பவர் உவமையை மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். வழியோரத்தில் விழுந்த விதையும் விதைதான். ஆனால் பறவைகள் கொத்திச் சென்ற பின் அங்கே எஞ்சுவது ஏது? பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கையொப்பம் இடுவதும், கைப்பேசியில் பெருவிரலால் ஒரு குறியைத் தட்டிவிட்டு நகர்வதும் அது போன்றதே. 211 கையொப்பங்களுள் நல்ல நிலத்தில் விழுந்தவை எத்தனை? அதை அறிய நாம் இன்னும் வழி செய்யவில்லை.

அதே வேளையில், எண்ணிக்கையே வேண்டாம் என்பதும் சரியன்று. விளக்கை ஏற்றி மரக்காலுக்கு அடியில் வைப்பார் உண்டோ? நல்லதை எழுதினால் அது நாலு பேரைச் சேர வேண்டும் என்று விரும்புவது ஆசையன்று, கடமை. ஆனால் சேர்ப்பதற்காக நல்லதையே மாற்றிவிடக் கூடாது. சினிமாச் செய்தி தருவதற்கு நாளிதழ்களும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருக்கின்றன. நம் விடுதித் தோழியின் சிற்றூரில் அவள் பாட்டி பாடும் தாலாட்டை எந்த நாளிதழ் எழுதும்? கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காக அவள் தாய் எத்தனை தொலைவு நடக்கிறாள் என்பதை யார் எழுதுவார்? நாம் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதமாட்டார்கள். அவற்றை எழுதுவதற்கே நம் இதழ் இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, கையொப்பம் இடுபவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரியாவது எழுத வேண்டும். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எங்கே புரியவில்லை என்று துணிந்து எழுதட்டும். கண்டனம் எழுதுபவரே உண்மையில் படித்தவர். கையொப்பங்கள் 211-லிருந்து நூறாகக் குறைந்தாலும் கவலையில்லை. இரண்டாவது, மாதம் ஒருநாள் மாலையில் இதழை உரக்கப் படிப்போம். ஆறாம் வகுப்புத் தங்கைகளும், படிக்க வாய்ப்புப் பெறாத விடுதிச் சமையற்கட்டு அக்காமாரும் அமர்ந்து கேட்கட்டும். கையொப்பமிட அறியாதவர்களையும் வாசகராகக் கொள்ளும்போதுதான் நம் வாசகர் தொகை உண்மையாகவே பெருகுகிறது.

இறுதியாக, இந்த ஆண்டு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பெற்றோருக்கும், அருட்சகோதரிகளுக்கும், தோழியருக்கும் ஒரு சொல். மலர் வந்ததும் நாம் முதலில் தேடுவது நம் வகுப்புப் புகைப்படத்தைத்தான். பெற்றோர் தேடுவது தம் மகளின் பெயரை. அது தவறன்று. ஆனால் அதைப் பார்த்து முடித்த பின், பிறர் வீட்டுப் பிள்ளை எழுதிய ஒன்றையேனும் முழுவதும் படியுங்கள். படித்ததைப் பற்றி அவளிடம் இரண்டு சொல் கூறுங்கள். எழுதியவளுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

பத்தாம் வகுப்பு மாணவி