மேடையில் எதற்கு மதிப்பெண்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இளைஞர்களுக்கு மேடைப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறோம். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்களிடம் கருத்துக் கேட்டால், பெரும்பாலும் முதலில் வருவது, "கொச்சையா பேசிட்டாரு" என்பதுதான். பள்ளிப் பேச்சுப் போட்டியில் உச்சரிப்புக்கும் மொழிநடைக்கும் மதிப்பெண் போட்டுப் பழகிய காது அது. அந்தக் காது மாறாதவரை, சேரியிலிருந்து வருகிறவர் கையில் மைக் கிடைத்தும் பயனில்லை.

'வந்துச்சு', 'குடுத்தாங்க' என்பவை இலக்கணப் பிழைகள் அல்ல. 'மழை வந்துச்சு' என்று சொல்பவர் 'மழை வந்தாங்க' என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். திணையும் பாலும் எண்ணும் அவர் நாக்கிலேயே இருக்கின்றன. நன்னூலே மரூஉவை இயல்பு வழக்கில்தான் சேர்க்கிறது. தஞ்சாவூர் 'தஞ்சை' என்று தேய்ந்தால் மரூஉ, சேரியில் ஒரு சொல் தேய்ந்தால் கொச்சையா? பெரியார் மணிக்கணக்காகப் பேச்சு வழக்கில்தான் பேசினார். அதை எளிய நடை என்று பாராட்டுகிறோம். 1992-ல் பாமா 'கருக்கு' எழுதியபோது அதன் மொழியைக் கொச்சை என்றவர்கள் உண்டு. இந்தக் கோட்டைப் போட்டது இலக்கணம் அல்ல, சாதி.

அப்படியானால் மேடையில் இலக்கணமே பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டும், வேறு இடத்தில்.

முதலில், வாக்கியத்தில் செய்தவர் இருக்கிறாரா? 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததை எதிர்த்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். இப்படிப்பட்ட சம்பவத்தை 'உணவு ஒவ்வாமை ஏற்பட்டது' என்று எழுதுவது செய்தித்தாள் வழக்கம். ஒவ்வாமை என்றால் சாப்பிட்டவர் உடம்பின் கோளாறு போலாகிவிடுகிறது. 'ஏற்பட்டது' என்ற வினைக்கோ செய்தவரே இல்லை. 'கெட்டுப்போன சோத்தப் போட்டாங்க' என்று சொல்லிப் பாருங்கள். யார் போட்டது என்ற கேள்வி தானாக வரும். 'பணிநீக்கம் செய்யப்பட்டனர்' என்பதும் அப்படித்தான். நீக்கியவர் பெயர் அதில் இல்லை.

அடுத்து, நாமா, நாங்களா? 'நாங்க' என்றால் கேட்பவர் வெளியே, 'நாம' என்றால் உள்ளே. நிரந்தரத் தொழிலாளி ஒருவர் கான்ட்ராக்ட் தொழிலாளிகள் முன்னால் நின்று, 'நாங்க உங்களுக்காகவும் போராடுறோம்' என்றால் இலக்கணம் சுத்தம், அரசியல் பிழை. அந்த ஒரு சொல்லில் கூட்டம் இரண்டாகிவிடும்.

கடைசியாக, கேட்பது என்ன? 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்பதில் எதை, யார், எந்தத் தேதிக்குள் என்று எதுவும் இல்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நின்றார்கள். சங்கத்தை அங்கீகரி என்பது மையக் கோரிக்கை. கேட்ட யாருக்கும் அதில் குழப்பமில்லை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடுதான் சங்கம் பதிவானது. ஒரு சொல்லை விட்டுக்கொடுக்காமல் நிற்பதும் மொழிப் பயிற்சிதான்.

எழுத்துத் தமிழைக் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தொழிலாளர் துறைக்கு மனு எழுதவும் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கவும் அது கட்டாயம் வேண்டும். ஆங்கிலமும் வேண்டும். அவை கருவிகள். மேடை ஏறுவதற்கான நுழைவுச் சீட்டு அல்ல.

தோழர்களே, அடுத்த கூட்டத்தில் பேசி இறங்கும் தங்கையிடம் 'ழ' சரியாக வரவில்லை என்று சொல்லும் முன், இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் அவர் நன்றாகப் பேசியிருக்கிறார். அதை அவரிடம் சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும்.

ஜெய் பீம்.