தமிழ்நாட்டுக்குப் பிறந்தநாள் எது? நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ?

நவம்பர் 1 வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ‘தமிழ்நாடு நாள் வாழ்த்துகள்’. கீழேயே யாராவது ஒருத்தர், “அது ஜூலையிலேயே முடிஞ்சிடுச்சே பாஸ்” என்று பதில் போட்டிருப்பார். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

2019-ல் எடப்பாடி பழனிசாமி அரசு நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 2021-ல் மு.க.ஸ்டாலின் அரசு அதை ஜூலை 18-க்கு மாற்றியது. கட்சி அரசியல் என்று இதைக் கடந்துபோய்விடலாம். ஆனால், இந்த ரெண்டு தேதிக்குப் பின்னாலும் உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் நவம்பர் 1. 1956-ல் இந்த நாளில்தான் மொழிவாரி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தன. மெட்ராஸ் மாநிலத்திலிருந்து மலபார் கேரளத்துக்கும், தென் கன்னடமும் கொள்ளேகாலமும் மைசூருக்கும் போயின. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. அது சும்மா வந்துவிடவில்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. குமரிக்காரர்களுக்கு நவம்பர் 1 தாயகத்தோடு சேர்ந்த நாள்.

ஆனால், கேட்ட எல்லாமே கிடைக்கவில்லை. தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடே இருந்துவிட்டன. முல்லைப் பெரியாறு அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில்தான் என்றால், அந்த இழப்பின் கனம் புரியும். வடக்கே ம.பொ.சி. போராடிய திருத்தணி வந்து சேர 1960 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் மட்டும் ‘மெட்ராஸ்’தான்! ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்க வேண்டும் என்பதை முதன்மையாகக் கொண்டு 12 கோரிக்கைகளுடன், 1956 ஜூலை 27-ல் விருதுநகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார் காந்தியவாதி சங்கரலிங்கனார். அக்டோபர் 13-ல் அவர் உயிர் பிரிந்தது. புது மாநிலம் பிறக்க மூன்று வாரம்கூட இல்லை.

அடுத்து ஜூலை 18. 1967-ல் முதல்வர் அண்ணா கொண்டுவந்த பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறிய நாள். ‘தமிழ்நாடு வாழ்க’ என்று மூன்று முறை அவையே முழங்கியது. பிறகு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், பெயர் நடைமுறைக்கு வந்தது. (சட்டப்படி பார்த்தால் பெயர்சூட்டு நாள் இதுதான். இதற்காக ஏனோ யாரும் சண்டை போடுவதில்லை!) அடுத்த பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தார்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். மைசூருக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றியபோது, அதையும் 1973 நவம்பர் 1-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மாநிலம் உருவானதும் பெயர் வந்ததும் ஒரே தேதி. அதனால் அங்கே இந்தக் குழப்பமே இல்லை.

‘நவம்பர் 1 எல்லைப் போராட்டத்தை நினைவுகூரும் நாளாகவே இருக்க முடியும், பெயர் கிடைத்ததைத்தான் கொண்டாட வேண்டும்’ என்பது ஜூலை 18-ஐ ஆதரிப்பவர்களின் வாதம். அதில் தவறில்லை. விழா ஜூலையிலேயே நடக்கட்டும். ஆனால், நவம்பர் 1 வெறும் அறிக்கையோடு முடிந்துபோவதை ஏற்க முடியாது. வரைபடத்தில் நாம் பார்க்கும் தமிழ்நாட்டுக்கு உருவம் கொடுத்தது அந்த நாள். பள்ளிகளில் ஜூலை 18-க்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி நடக்கிறதல்லவா? அதில் மார்த்தாண்டமும் புதுக்கடையும் திருத்தணியும் ஒரு தலைப்பாகவாவது வர வேண்டும். விருதுநகரில் சங்கரலிங்கனாருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு பத்து நிமிஷம் எட்டிப் பாருங்கள்.